எங்கள் வீட்டுக் கான்

சென்ற வருடம் ஹஜ்ஜுப் பெருநாளன்று இரவு எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவியவள் நான். சாச்சாமார் இருவரின் குடும்பம், மாமா குடும்பம், உம்மும்மா என்று அன்று பகல் இருபத்தைந்து பேருக்குக் குறையாமல் வந்து போயிருந்தார்கள். புரியாணிச் சட்டி, இறைச்சிக்கறிச் சட்டி, நான்கு சஹன், எண்ணிக்கை தெரியாத பீங்கான்கள். எல்லாவற்றிலும் மாட்டுக் கொழுப்பு. எங்கள் ஊரின் இரவுக் குளிரில் அது மெழுகு போல உறைந்து வெள்ளையாகிக் கிடந்தது. சுடுதண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவினேன். கொழுப்பு உருகிச் சிங்க்கின் துளை வழியே போய் மறைந்தது. மறைந்த பிறகு அதைப் பற்றி நான் ஏன் நினைக்க வேண்டும்?

அந்தத் துளைக்கு ஒரு வடிதட்டு இருந்தது. அது உடைந்து இரண்டு வருடம். "ஒன்று வாங்க வேணும்" என்று வீட்டில் எல்லோரும் சொல்வோம். யாரும் வாங்கவில்லை.

உம்மா புரியாணிக்கு ஏலம், கறுவா, கராம்பு எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் துணித் துண்டில் வைத்துச் சிவப்பு நூலால் கட்டிப் போடுவார். சாப்பிடும்போது பல்லில் கடிபடக் கூடாது என்பதற்காக. பெருவிரல் அளவில் ஒரு முடிச்சு. அடிச்சட்டியைக் கவிழ்த்தபோது அது மிஞ்சிய சோற்றோடு விழுந்து துளையில் சிக்கியது. எடுத்துக் குப்பை வாளியில் போட ஒரு நிமிடம் போதும். ஆனால் மாமாவின் பிள்ளைகள் அறையில் எனக்காகக் காத்திருந்தார்கள். சிரிப்புச் சத்தம் குசினி வரை கேட்டது. அகப்பைக் காம்பால் ஒரு தள்ளுத் தள்ளினேன். முடிச்சு உள்ளே போய்விட்டது. கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன்.

எங்கள் ஊர் அக்குறணை. கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ஏ-9 வீதியில் இருக்கிறது. வீதியோரம் கடைகள், அதற்குப் பின்னால் மலைச்சரிவு. சரிவில் படிக்கட்டு வைத்தது போல வீடுகள். ஒரு வீட்டு முற்றத்தில் நின்றால் கீழ் வீட்டின் கூரைத் தகடு தெரியும். எங்கள் குசினித் தண்ணீர் குழாய் வழியாக மதிலோரச் சீமெந்துக் கானில் விழுந்து, கீழ் வீட்டு மாமியின் குசினி வாசலைக் கடந்து போகும். மாமி வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில் மட்டும் கான் திறந்திருக்காது. அந்த இடத்தில் நான்கு அங்குலக் குழாய் ஒன்றைப் புதைத்திருக்கிறார்கள்.

கீழ் வீட்டு மாமி எங்களுக்குச் சொந்தமில்லை. ஆனால் எனக்குக் குர்ஆன் ஓதக் கற்றுத் தந்தவர் அவர்தான். ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை தினமும் அஸருக்குப் பிறகு அவருடைய பாயில் இருந்திருக்கிறேன். தெரியாத இடத்தை வேகமாக ஓதித் தப்பப் பார்த்தால் பாயில் விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். "திருப்பி ஓது புள்ள" என்பார். அதற்கு மேல் ஏச மாட்டார். இப்போது அவர் பேரனோடு தனியாக இருக்கிறார்.

நான் சொல்லும் பெருநாளுக்குப் பத்து மாதங்களுக்கு முன்பிருந்தே அவருக்கும் எங்கள் வீட்டுக்கும் பேச்சில்லை. காரணம் இதே கான்தான். ஒரு மழை நாளில் கான் நிரம்பி மாமியின் குசினி வாசலுக்குத் தண்ணீர் வந்தது. "மேல்வீட்டுத் தண்ணி எங்கட வாசலுக்கு வருது" என்று மாமி யாரிடமோ சொன்னது உம்மாவின் காதுக்கு எட்டியது. "இந்தக் கானால எத்தின ஊட்டுத் தண்ணி போகுது, எங்கட ஊட்ட மட்டும் ஏன் செல்ற?" என்று உம்மா சொன்னது மாமியின் காதுக்கு எட்டியது. இரண்டு பேரும் நேருக்கு நேர் ஒரு சொல்லும் பேசவில்லை. பெருநாளைக்குப் பீங்கானில் பலகாரம் போவது நின்றது. நான் படிக்கட்டில் மாமியைக் கண்டால் ஸலாம் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன்.

பெருநாளைக்கு மறுநாள் சிங்க்கில் தண்ணீர் தேங்கியது. நடுவில் எண்ணெய்ப் படலம், ஓரத்தில் வெள்ளை வளையம். நானா ஒரு கேத்தல் கொதிநீரை ஊற்றினார். சளசளவென்று இறங்கியது. எல்லோருக்கும் சந்தோஷம். இரவு மறுபடி தேங்கியது.

ஏன் என்று இப்போது எனக்குத் தெரியும். மாட்டுக் கொழுப்பு நன்றாக உருக 40 பாகை செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். கொதிநீர் பட்ட இடத்தில் அது உருகும். ஆனால் குழாயில் கொஞ்சத் தூரம் போவதற்குள் தண்ணீர் ஆறிவிடும். கொழுப்பு மறுபடி உறையும். முன்பு கைக்கு எட்டும் இடத்தில் இருந்த அடைப்பு இப்போது எட்டாத இடத்துக்குப் போயிருக்கும். அதோடு பீவீசீ குழாய் கொதிநீருக்கு இளகும், மூட்டுகள் விலகும்.

மூன்றாம் நாள் சாச்சி சொன்னபடி அப்பச்சோடாவும் வினாகிரியும் போட்டோம். நன்றாக நுரைத்தது. பார்க்கப் பெரிய வேலை நடப்பது போல இருந்தது. சோடியம் இருகாபனேற்றும் அசற்றிக்கமிலமும் சேர்ந்தால் காபனீரொட்சைட்டு வரும். இரண்டும் ஒன்றையொன்று நடுநிலையாக்கிவிடும். பரீட்சையில் கேட்டால் சமன்பாட்டோடு எழுதியிருப்பேன். ஆனால் அந்த நுரை உறைந்த கொழுப்பை ஒன்றும் செய்யாது என்பது குசினியில் நின்றபோது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பின்னேரம் நானா கடையில் காஸ்டிக் சோடா வாங்கி வந்தார். அது சோடியம் ஐதரொட்சைட்டு. கொழுப்போடு சேர்ந்தால் சவர்க்காரமும் கிளிசரோலும் உண்டாகும். சவர்க்காரமாக்கல் என்று படிக்கிறோம். எனவே வேலை செய்யத்தான் செய்யும். ஆனால் தண்ணீரில் கரையும்போது கடுமையாகச் சூடாகும். தோலில் பட்டால் புண்ணாக்கும், கண்ணில் தெறித்தால் பார்வையையே கெடுக்கும். பெரிய அடைப்பாக இருந்தால் மேற்பரப்பு மட்டும் சவர்க்காரமாகி, உள்ளே கட்டி அப்படியே நிற்கும். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. இன்னொன்றையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். கழிவறை கழுவும் அமிலத்தையும் துணி வெளுக்கும் குளோரீன் திரவத்தையும் ஒருபோதும் ஒன்றாக ஊற்றாதீர்கள். அதிலிருந்து வரும் குளோரீன் வாயு மூச்சை அடைத்துவிடும். காற்றோட்டம் இல்லாத சின்னப் பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

நான்காம் நாள் காலை பைப் பாஸ் ஒருவர் வந்தார். நீளமான கம்பி ஒன்றைக் குழாய்க்குள் விட்டு முன்னும் பின்னும் இடித்தார். கடைசியில் ஏதோ விட்டுக்கொடுத்தது போலத் தண்ணீர் குடுகுடுவென்று ஓடியது. "போயிட்டுது" என்றார். உம்மா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் மழை. மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் கீழிருந்து மாமியின் பேரன் கத்தி அழும் சத்தம் கேட்டது. நானா இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினார். நானும் உம்மாவும் முற்றத்து மதிலில் நின்று பார்த்தோம். மாமியின் குசினி வாசலெல்லாம் தண்ணீர். அதன் மேல் கொழுப்பு மிதந்தது. மாமி வாசல்படியில் சாய்ந்து, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். வழுக்கி விழுந்துவிட்டார். நானா முச்சக்கர வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. இரவு பத்து மணிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

அதற்குள் ஒழுங்கையில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் எங்கள் வீட்டைக் காட்டி ஏதோ சொன்னார். உம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கட ஊட்டுல இருந்து தண்ணியத் தவிர ஒண்டும் போறல்ல. அல்லாஹ் அறிவான்" என்றார்.

உம்மா பொய் சொல்லவில்லை. அவர் நம்பியதைத்தான் சொன்னார். முடிச்சு போனது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் உம்மாவுக்குப் பக்கத்திலேயே நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த இரண்டு நாளும் எனக்குப் படிப்பு ஓடவில்லை. எத்தனையோ நியாயம் சொல்லிப் பார்த்தேன். ஒரு சின்னத் துணி முடிச்சு ஒரு கானை அடைக்குமா? மற்ற வீட்டுக் கொழுப்பும்தானே போயிருக்கும்? மழையும்தானே பெய்தது? எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சிறுவயதில் வேகமாக ஓதித் தப்பப் பார்த்தது போலவும் இருந்தது. பாயில் தட்டத்தான் ஆளில்லை.

சனிக்கிழமை சுபஹுக்குப் பிறகு எல்லோரும் திரும்பப் படுத்ததும், ஒரு வாளி, இரண்டு சிரட்டை, நானாவின் இறப்பர் கையுறை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். படிக்கட்டுக்கு அடியில் போகும் குழாயின் வாய் பாதிக்கு மேல் மூடியிருந்தது. சிரட்டையால் சுரண்டினேன். வெள்ளையும் சாம்பலும் கலந்த கட்டி கட்டியாக வந்தது. கொஞ்சம் கொழுப்பு, கொஞ்சம் சவர்க்காரம். அதற்குள் சோறு, தேயிலைச் சக்கை, தேங்காய்ப்பூ, றம்பைத் துண்டு, முடி. நாற்றம் தாங்க முடியாமல் இரண்டு தடவை எழுந்து போய் நின்றேன். அரை வாளி நிறைந்த பிறகு குழாயின் வாயில் கம்பியைக் கொழுவி இழுத்தேன். பெரிய கட்டி ஒன்று மொத்தமாக வந்து விழுந்தது. அதன் நடுவில் சிவப்பு நூல்.

அந்த முடிச்சைச் சுற்றித்தான் மற்றதெல்லாம் சேர்ந்து உறைந்திருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். மாமி குசினிக் கதவில் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் கட்டிய துணியில் கை தொங்கியது. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"மாமி, இது எங்கட ஊட்டுது" என்றேன். "நான்தான் தள்ளினேன். பெருநாளண்டு ராவு. தெரிஞ்சுதான் தள்ளினேன். அண்டைக்கு எல்லாரும் கதைக்கக்குள்ளயும் எனக்குத் தெரியும். செல்லல்ல."

மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உம்மாக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"இல்ல."

"போய்ச் செல்லு. கைய நல்லாக் கழுவிட்டுப் போ."

அவ்வளவுதான். பரவாயில்லை என்றும் சொல்லவில்லை, ஏசவும் இல்லை. மேலே ஏறிப் போகும்போது எனக்கு அழுகை வந்தது.

உம்மா முதலில் நம்பவில்லை. வாளியைக் காட்டினேன். சிவப்பு நூலைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "நாலு பேருக்கு முன்னால என்னப் பொய்க்காரி ஆக்கிட்டியே" என்றார். அன்று அவரிடம் கேட்ட ஏச்சை இங்கே எழுதத் தேவையில்லை; எல்லாம் எனக்குத் தகும். ஆனால் ஏசி முடித்ததும் உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தானே படியிறங்கினார். பத்து மாதத்தில் முதல் தடவை.

கீழே இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் வெளியில் கானைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வேலை முடித்து எட்டிப் பார்த்தபோது மாமி சின்னப் பலகையில் இருந்தார். உம்மா பின்னால் இருந்து அவருக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையால் மாமிக்குத் தலை வார முடியாது. மூன்று நாளாக வாரவில்லையாம். சீப்பில் வந்த முடியை உம்மா விரலில் சுற்றி, ஒரு கடதாசித் துண்டில் மடித்துப் பக்கத்தில் வைத்தார். "ராத்தா, பகலைக்குச் சோறு நான் அனுப்புறன்" என்றார். மாமி "உப்பக் கொறச்சுப் போடு" என்றார். அந்தப் பதிலைக் கேட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது.

இனி நாங்கள் செய்தவற்றைச் சொல்கிறேன். வாசிக்கும் தோழியருக்கும் பெற்றோருக்கும் பயன்படலாம்.

அன்றைக்கே வடிதட்டு வாங்கினோம். இரண்டு வருடம் தள்ளிப்போட்ட வேலை, கடைக்குப் போய் வர இருபது நிமிடம் ஆனது. அன்றிலிருந்து பீங்கான், சட்டி எல்லாவற்றையும் பழைய பத்திரிகைத் தாளால் துடைத்துவிட்டுத்தான் கழுவுகிறோம். பொரித்த எண்ணெய் ஆறியதும் ஒரு தகரத்தில் சேர்கிறது, சிங்க்குக்குள் போவதில்லை. தேயிலைச் சக்கையும் தேங்காய்ப்பூவும் வாழையடிக்குப் போகின்றன.

சிங்க்குக்குக் கீழே குழாய் ஏன் வளைந்திருக்கிறது என்று நான் முன்பு யோசித்ததில்லை. அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். கான் நாற்றமும் கரப்பானும் வீட்டுக்குள் வராமல் அதுதான் தடுக்கிறது. முதல் அடைப்பும் அங்கேதான் சேரும். கீழே ஒரு வாளியை வைத்து, கையால் திருகி அதைக் கழற்றலாம். பெண் பிள்ளைகளும் செய்யக்கூடிய வேலைதான். மருந்து ஊற்றுவதற்கு முன் அதைக் கழற்றிக் கழுவிப் பாருங்கள்.

பாத்ரூம் அடைப்பு வேறு விதம். அதற்குக் காரணம் பெரும்பாலும் எங்களுடைய முடிதான். முடி கரையாது, சவர்க்காரப் படிவு அதில் ஒட்டிக் கயிறு போலத் திரளும். அதைத் தள்ளினால் இன்னும் இறுகும். வளைந்த கம்பியால் கொழுவி மேலே இழுக்கத்தான் வேண்டும். குளிப்பதற்கு முன் தலையை வாரிக்கொண்டால் பாதிப் பிரச்சினை குறையும்.

பிறகு வாப்பா மேசன் பாஸைக் கூப்பிட்டு, எங்கள் குழாய் கானில் விழும் இடத்தில் ஒரு சின்னச் சீமெந்துத் தொட்டி கட்டினார். நடுவில் ஒரு தடுப்பு மேலிருந்து இறங்கி, தரைக்கு அரையடி உயரத்தில் நின்றுவிடும். குசினித் தண்ணீர் அதற்குள் வந்து ஆறும். கொழுப்பு தண்ணீரை விட அடர்த்தி குறைந்தது என்பதால் மேலே மிதக்கும். சோறும் மண்ணும் அடியில் தங்கும். நடுவிலுள்ள தண்ணீர் மட்டும் தடுப்புக்குக் கீழால் போய் அடுத்த பக்கத்தால் வெளியேறும். மேலே சேரும் கொழுப்பைக் கிழமைக்கு ஒருமுறை எடுத்துப் புதைத்துவிட வேண்டும். மூடியும் இறுக்கமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நுளம்பு வளர்க்கும் தொட்டியாகிவிடும். சனிக்கிழமைகளில் அதைத் திறந்து சுத்தம் செய்வது என் வேலை. யாரும் சொல்லாமல் நானே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் கடும் மழை பெய்தால் பிங்கா ஓயா பெருகி வீதிக்கு வரும். கடைக்காரர்கள் சாமான்களை உயரத்துக்கு ஏற்றுவார்கள். வாகனங்கள் வரிசையில் நிற்கும். ஓயா ஒடுங்கியதற்குப் பல காரணங்கள் உண்டு. கரையில் எழுந்த கட்டடங்கள், கொட்டிய மண், எறிந்த குப்பை என்று பெரியவர்கள் சொல்வார்கள். முன்பெல்லாம் நானும் வெள்ளத்தை மாடியில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். எங்கள் கானும் அந்த ஓயாவில்தான் போய் விழுகிறது என்பதை நினைத்ததே இல்லை. பிங்கா ஓயா கட்டுகஸ்தோட்டையில் மகாவலியோடு சேர்கிறது. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைக்குத் தெற்கே, மூதூர்ப் பக்கம் கடலுக்குப் போகிறது. வழியில் எத்தனை ஊர், எத்தனை வயல், எத்தனை வீட்டுக் குடிநீர்! மாமி எங்களுக்குக் கீழ் வீடு. மாமிக்கும் ஒரு கீழ் வீடு இருக்கிறது. அப்படியே போனால் மூதூரில் என் வயதுப் பிள்ளை ஒருத்தி இருக்கும் வீடும் எங்களுக்குக் கீழ் வீடுதான்.

சுத்தத்தைப் பற்றிய ஹதீஸ் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். வகுப்புச் சுவரிலும் எழுதி ஒட்டியிருக்கிறோம். என் குசினியிலிருந்து அழுக்கு மறைந்துவிட்டால் நான் சுத்தமானவள் என்று நினைத்திருந்தேன். அது அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் நான் சுத்தம் செய்யவில்லை. இடம் மாற்றி வைத்தேன், அவ்வளவுதான்.

மாமியின் கட்டை ஆறு கிழமையில் அவிழ்த்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், எலும்பு பொருந்திவிட்டது. ஆனாலும் குளிர் நாட்களில் மணிக்கட்டு நோகும் என்கிறார். வாளி தூக்கும்போது இடது கைக்கு மாற்றிக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். காணும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்யும். அவர் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

இந்த நோன்புப் பெருநாளைக்கு எங்கள் வீட்டு வட்டிலப்பம் முதலில் கீழ் வீட்டுக்குத்தான் போனது. மாமி பீங்கானைத் திருப்பித் தரும்போது அதில் தொதல் வைத்துத் தந்தார். தொதல் எண்ணெய் பீங்கான் முழுவதும் ஒட்டியிருந்தது. தாளை எடுத்து நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் கழுவினேன்.